உடைந்த பூட்டும் ஒத்திவைத்த செலவும்: டிஜேஎக்ஸ் வைஃபை ஊடுருவல்

2005 ஜூலையில், அமெரிக்காவின் மயாமி நகரில் இருந்த மார்ஷல்ஸ் துணிக்கடைகளின் இரண்டு வைஃபை அக்சஸ் பாயிண்ட்களுக்குள் (கம்பியில்லாக் கருவிகளைக் கடையின் வலையோடு இணைக்கும் பெட்டிகள்) வெளியாள் ஒருவர் புகுந்தார். அதற்காகக் கடைக்குள் கால் வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. சிக்னல் எட்டும் தூரத்தில் ஒரு மடிக்கணினி போதுமானதாக இருந்தது. மார்ஷல்ஸ், டி.ஜே. மேக்ஸ், ஹோம்குட்ஸ், கனடாவின் வின்னர்ஸ் எனப் பல பெயர்களில் கடைகளை நடத்தும் டிஜேஎக்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாமில் இருக்கிறது. இரண்டே மாதங்களில் அந்தத் தலைமையகத்தின் சர்வர்களிலிருந்து வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் வெளியேறத் தொடங்கின. 4 கோடியே 57 லட்சம் கார்டுகள் என்று நிறுவனம் 2007 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்த வங்கிகளோ, பாதிக்கப்பட்ட கணக்குகள் 9 கோடியே 40 லட்சம் என்றன.

இந்த நிகழ்வைப் பாதுகாப்பு வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்: வைஃபை தரவைப் பிறர் படிக்காதபடி பூட்டும் டபிள்யூஇபி என்ற பழைய குறியாக்கத்தை வைத்திருந்தார்கள், அது உடைந்தது, திருட்டுப் போனது. தவறான வரி இல்லை. ஆனால் உடைக்க முடியும் என்று நான்கு ஆண்டுகளாக ஊரறிந்த ஒன்றை ஏன் மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்பதையும், துணிக்கடையின் அக்சஸ் பாயிண்டிலிருந்து தலைமையகத்தின் கார்டு சர்வர் வரை பாதை எப்படித் திறந்து கிடந்தது என்பதையும் அந்த வரி தொடுவதே இல்லை. என் பார்வையில் நிகழ்வின் சாரம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

மயாமியா, செயின்ட் பாலா?

முதலில் இடம் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2007 மே மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியில், மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்கு அருகே ஒரு மார்ஷல்ஸ் கடையை நோக்கித் தொலைநோக்கி வடிவ ஆன்டெனாவைத் திருப்பி வைத்துத் தரவை உறிஞ்சினார்கள் என்று இருந்தது. விலை சரிபார்க்கும் கையடக்கக் கருவிகளுக்கும் பில் போடும் இயந்திரங்களுக்கும் கடையின் கணினிகளுக்கும் இடையே ஓடிய தரவு அது. காட்சியாக நன்றாக இருப்பதால் இன்றுவரை பலரும் இதையே எடுத்து எழுதுகிறார்கள். ஆனால் 2008 ஆகஸ்டில் தாக்கலான குற்றப்பத்திரிகை சொல்லும் இடம் மயாமி. கிறிஸ்டோபர் ஸ்காட் என்பவர் ஜூலை 12, 18 தேதிகளில் மார்ஷல்ஸ் கடைகளின் இரண்டு அக்சஸ் பாயிண்ட்களை உடைத்தார் என்று நாள் குறித்தே சொல்கிறது. கனடாவின் தனியுரிமை ஆணையர் 2007 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையும் மயாமிக் கடைகளையே சுட்டியது. நான் நீதிமன்றப் பதிவையே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்டை இயக்கியவர் ஆல்பர்ட் கொன்சாலஸ். மயாமிக்காரர். அவருடைய குழு, காரில் மெதுவாகச் சென்றபடி, பெரிய சாலைகளின் ஓரத்தில் இருந்த கடைகளில் எதன் வைஃபை பலவீனமாக இருக்கிறது என்று மடிக்கணினியில் பார்த்துக்கொண்டே போகும். டிஜேஎக்ஸ் அவர்களின் தனிப்பட்ட இலக்கு இல்லை. பிஜேஸ் ஹோல்சேல், ஆஃபீஸ்மேக்ஸ், டிஎஸ்டபிள்யூ காலணிக்கடை என்று பட்டியல் நீளம். வழியில் எந்தக் கதவு திறந்ததோ அதற்குள் போனார்கள்.

டபிள்யூஇபி எங்கே உடைகிறது

டபிள்யூஇபி 1990களின் இறுதியில் முதல் வைஃபை தரத்தோடு வந்தது. ஒரு வலையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாவி. அதை யாராவது கையால் மாற்றும்வரை அதே சாவிதான். தரவு சிறு துண்டுகளாகத்தான் போகும்; அப்படிப்பட்ட ஒவ்வொரு பொட்டலத்தையும் பூட்டும்போது அந்தச் சாவியோடு 24 பிட் நீளத் தொடக்க எண் ஒன்றைச் சேர்த்து, ஆர்சி4 என்ற குறியாக்க முறைக்குக் கொடுப்பார்கள். அந்தத் தொடக்க எண் மறைக்கப்படாமல் பொட்டலத்தோடு காற்றில் போகும்.

24 பிட் என்றால் 1,67,77,216 எண்கள். பெரிதாகத் தோன்றலாம். 11 மெகாபிட் வேகத்தில் 1,500 பைட் பொட்டலங்களை இடைவிடாமல் அனுப்பும் அக்சஸ் பாயிண்ட் அத்தனையையும் சுமார் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு பழைய எண்களே திரும்பி வரும். ஒரே எண்ணும் ஒரே சாவியும் சேர்ந்து பூட்டிய இரண்டு பொட்டலங்கள் கையில் கிடைத்தால் ஒன்றை வைத்து மற்றொன்றைப் படிக்க வழி பிறக்கும். இதை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார்கள். அதே ஆண்டு ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இன்னும் மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சில வகைத் தொடக்க எண்கள் வரும்போது ஆர்சி4 தன் சாவியின் பகுதிகளையே கசியவிடுகிறது. போதுமான பொட்டலங்களைச் சேகரித்தால் சாவி முழுவதும் தேறிவிடும். சில வாரங்களில் இதைச் செய்யும் ஏர்ஸ்னார்ட் என்ற இலவச மென்பொருள் வந்துவிட்டது.

'எங்கள் கடையில் இரவில் வைஃபை போக்குவரத்தே இருக்காது, யார் எதைச் சேகரிப்பார்கள்?' என்று கேட்டவர்கள் உண்டு. டபிள்யூஇபியில் பழைய பொட்டலத்தை மறுபடி அனுப்பினால் அதைப் பழையது என்று கண்டுகொள்ளும் ஏற்பாடு கிடையாது. தாக்குபவர் காற்றில் போகும் ஒரு சிறிய பொட்டலத்தைப் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஆயிரக்கணக்கான முறை திருப்பி அனுப்பலாம். அக்சஸ் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் புதிய தொடக்க எண்ணோடு பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அமைதியான கடையை அவரே சந்தைக்கடை ஆக்கிக்கொள்வார்.

மாற்று இல்லாமலும் இல்லை. டபிள்யூபிஏ என்ற புதிய பாதுகாப்பு முறை 2003இல் சந்தைக்கு வந்தது. பழைய கருவிகள் பலவற்றிலும் மென்பொருள் புதுப்பிப்பின் மூலமே இயங்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். ஏஇஎஸ் என்ற இன்னும் வலுவான குறியாக்கம் கொண்ட டபிள்யூபிஏ2 2004இல் வந்தது.

எச்சரிக்கைகள் ஆய்வுக்கட்டுரைகளோடு நிற்கவும் இல்லை. 2003இல் மிச்சிகன் மாநிலத்தின் சவுத்ஃபீல்டில், லோஸ் என்ற கட்டுமானப் பொருள் கடையின் வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்து கடையின் வைஃபைக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2004 டிசம்பரில் ஒன்பது ஆண்டு சிறை. 2005 ஜூன் 16 அன்று பிஜேஸ் ஹோல்சேல் நிறுவனத்தின் மீதான நடவடிக்கையை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அறிவித்தது. வைஃபை வழியே உள்ளே வருவதைத் தடுக்க எளிதாகக் கிடைக்கும் வழிகளைக்கூடக் கையாளவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிஜேஸின் தலைமையகம் அப்போது ஃப்ரேமிங்ஹாமை ஒட்டிய நேட்டிக்கில் இருந்தது. 1984இல் பிஜேஸைத் தொடங்கியதே ஸேர் என்ற நிறுவனம்தான். டிஜேஎக்ஸும் அதே ஸேரின் வாரிசு. பங்காளி வீட்டில் திருடன் புகுந்த செய்தி வந்து ஒரு மாதத்துக்குள் மயாமியில் மார்ஷல்ஸ் கடையின் அக்சஸ் பாயிண்ட் உடைந்தது.

நவம்பர் மாதத்து மின்னஞ்சல்

டிஜேஎக்ஸில் யாருக்கும் தெரியாமல் இல்லை. கனடா அறிக்கையின்படி, டபிள்யூபிஏவுக்கு மாறும் முடிவு 2005 இலையுதிர் காலத்திலேயே எடுக்கப்பட்டுப் பணியும் தொடங்கியிருந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நிறுவனத்தின் தகவல்தொழில்நுட்பத் தலைவர் எழுதிய மின்னஞ்சல் ஒன்று பின்னாளில் வங்கிகள் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் வெளியானது. இந்த நிகழ்வு முழுவதிலும் நான் அதிக நேரம் செலவிட்டுப் படித்தது அதைத்தான்.

அதன் சாரம் இது. கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளான பிசிஐ தரத்தை, டபிள்யூபிஏவுக்கு மாறாமலேயே நிறைவேற்றிவிட முடியும். டபிள்யூபிஏதான் சிறந்த வழி என்பதில் ஐயம் இல்லை. எதிர்காலத்தில் அது கட்டாயமாகவும் ஆகலாம். அதற்கு ஒதுக்கிய பணத்தை அடுத்த நிதியாண்டின் பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டால் செலவை ஒத்திவைக்க முடியும். ஆனால் ஆபத்து சிறியது, அல்லது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆபத்தை அளந்து பார்க்கச் சொல்லவில்லை. சிறியது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. எழுதியவர் அறிவிலியும் அல்ல, அயோக்கியரும் அல்ல. எந்த அலுவலகத்திலும் பட்ஜெட் நேரத்தில் எழுதப்படும் சாதாரணக் கடிதம் அது. உள்ளிருந்தே ஒருவர் மறுத்தும் எழுதினார்: டபிள்யூபிஏ இல்லாமல் இருப்பதன் ஆபத்து உண்மையானது, டபிள்யூஇபியில் சாவி தானாகச் சுழலாததால் நாம் உண்மையில் பிசிஐ விதியை நிறைவேற்றவும் இல்லை, ஊடுருவல் நடந்து இது வெளியே தெரிந்தால் நம் நிலைமை இன்னும் மோசமாகும். மூன்றும் அப்படியே நடந்தன. இந்தக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தபோது திருடர்கள் உள்ளே வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது.

டபிள்யூபிஏ மாற்றம் 2007 தொடக்கத்தில்தான் நிறைவடைந்தது. நுழைவாயிலில் பூட்டை மாற்றும்போது திருடர்கள் அந்த வாயிலைப் பயன்படுத்துவதையே விட்டிருந்தார்கள்.

கடையிலிருந்து தலைமையகம் வரை

அக்சஸ் பாயிண்ட் உடைந்ததால் மயாமிக் கடை ஒன்றின் அன்றைய விற்பனை விவரம் திருடு போயிருக்கலாம். அதோடு நின்றிருந்தால் இன்று யாருக்கும் டிஜேஎக்ஸ் பெயர் நினைவில் இருந்திருக்காது. கடையின் வலையிலிருந்து ஃப்ரேமிங்ஹாமில் கார்டுப் பரிவர்த்தனைகளைக் கையாளும் சர்வர்கள் வரை போக முடிந்ததுதான் பேரழிவு. உள் கணினிகளுக்கு இடையேயும் வைஃபைக்கு எதிரேயும் ஃபயர்வால் (எந்தத் தரவு போகலாம், எது கூடாது என்று வடிகட்டும் தடுப்பு) வைத்துத் தடுக்கவில்லை, வலுவான கடவுச்சொல்லை வற்புறுத்தவில்லை, தரவை மறைக்காமலே சேமித்தும் அனுப்பியும் வந்தார்கள் என்று வர்த்தக ஆணையம் பின்னர் பட்டியலிட்டது. பிசிஐ தரத்தின் 12 விதிகளில் 9 விதிகளில் நிறுவனம் தவறியிருந்தது என்றன வங்கிகள்.

2005 செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை, சர்வரில் சேமித்திருந்த பழைய கார்டு விவரங்களை இறக்கினார்கள். கார்டின் காந்தப்பட்டையில் இருக்கும் முழு விவரத்தையும் கடைகள் சேமித்து வைக்கவே கூடாது, இங்கே வைத்திருந்தார்கள். ஆனால் பெரும்பகுதி காலாவதியான கார்டுகள். கள்ளச்சந்தையில் விலை போகாது. ஆகவே 2006 மே மாதத்தில் அந்த சர்வருக்கும் கொன்சாலஸ் பிடித்து வைத்திருந்த வெளி சர்வருக்கும் இடையே விபிஎன் என்ற மறைவான நேரடி இணைப்பு ஒன்றை அமைத்து, ஓடும் தரவை ஒட்டுக்கேட்கும் நிரலை உள்ளே வைத்தார்கள். கடையில் கார்டைத் தேய்த்ததும் வங்கியின் ஒப்புதலுக்காக அந்த விவரம் மறைக்கப்படாமல் போகும். அந்தச் சில நொடிகளில் பிடித்துக்கொண்டார்கள். இனி மயாமிக் கடை தேவையே இல்லை. சேமித்த தரவைச் சில இடங்களில் குறியாக்கம் செய்திருந்தார்கள்தான். அதைத் திறக்கும் கருவியும் திருடர் கைக்குப் போயிருக்கலாம் என்று நிறுவனமே பங்குச்சந்தை ஆணையத்திடம் தெரிவித்தது.

2006 டிசம்பர் 18 அன்று சந்தேகத்துக்குரிய மென்பொருள் கண்ணில் பட்டது. 2007 ஜனவரி 17 அன்று செய்தி வெளியானது. அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாவோடு அதிகபட்சம் 4 கோடியே 9 லட்சம் டாலருக்கும், மாஸ்டர்கார்டோடு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் உடன்பாடு. 41 மாநிலங்களுக்கு 97.5 லட்சம் டாலர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கை. கொன்சாலஸுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறை. பெற்றோர் வீட்டுக் கொல்லையில் புதைத்து வைத்திருந்த 11 லட்சம் டாலர் ரொக்கம் பறிமுதலானது. 2003இல் பிடிபட்ட பிறகு அவர் அமெரிக்க ரகசிய சேவைக்குத் தகவல் சொல்பவராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்தத் திருட்டையும் நடத்தினார் என்பது தனிக்கதை.

அதே அக்சஸ் பாயிண்டை இன்று அமைத்தால்

அக்சஸ் பாயிண்டின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு தேர்வையும் இந்த நிகழ்வின் முன் நிறுத்திக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி: இது இருந்திருந்தால் ஸ்காட் நின்றிருப்பாரா?

பலரும் முதலில் செய்வது எஸ்எஸ்ஐடி என்ற வைஃபை வலையின் பெயரை மறைப்பது, பிறகு ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்து அனுமதிப் பட்டியல் போடுவது. இரண்டும் அவரை ஒரு நிமிடம்கூடத் தாமதப்படுத்தியிருக்காது. மறைத்த பெயரை இணையும் கருவிகளே காற்றில் சொல்லிவிடும். மேக் முகவரி குறியாக்கத்துக்குள் வருவதே இல்லை, பார்த்து அப்படியே தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ளலாம். சிக்னல் வலிமையைக் குறைப்பது ஓரளவு உதவும். நல்ல ஆன்டெனாவோடு வருபவருக்கு அதுவும் தடை இல்லை.

குறியாக்கத் தேர்வு நிச்சயம் நிறுத்தியிருக்கும். இன்று டபிள்யூபிஏ3, இயலாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பட்டியலில் 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு' என்று ஒன்று இருக்கும். முதல் டபிள்யூபிஏவோடு வந்த பழைய டிகேஐபி குறியாக்கத்தையும் அனுமதிக்கும் அந்தத் தேர்வு பல ரவுட்டர்களில் முன்கூட்டியே குறிக்கப்பட்டு வருவதால் யாரும் தொடுவதில்லை. தொட வேண்டும். டபிள்யூபிஏ2வில் ஒரு கருவி இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். எட்டு எழுத்துக் கடைப்பெயர் அங்கே தாங்காது; இருபது எழுத்துக்கு மேல், ஊகிக்க முடியாததாக இருந்தால் தாங்கும். டபிள்யூபிஏ3 அந்த வீட்டு ஊகத்தையே அடைத்துவிடுகிறது.

கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், கடைசி இலக்கமும் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் அது திறந்துவிடும் என்று 2011இல் தெரியவந்தது. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருந்தால், மேலே செய்த அத்தனையையும் உள்ளே வந்த ஒருவர் மாற்றிவிட முடியும்.

ஒரே கடை என்றால் இது போதும். கிளைகள் இருந்தால் எல்லாக் கிளைக்கும் ஒரே கடவுச்சொல் என்பது டபிள்யூபிஏ3லும் ஆபத்துதான். காணாமல்போன ஒரு கையடக்கக் கருவி எல்லாக் கடைகளையும் திறந்துவிடும். 802.1எக்ஸ் முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்று கொடுத்தால், தொலைந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாகக் கருதும் அமைப்பு வைஃபை பக்கத்திலேயே இருக்காது. கடையின் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சிலும் ஃபயர்வாலிலும் இருக்கும். விலை பார்க்கும் கருவிக்குப் பேச வேண்டியது விலைப்பட்டியல் சர்வர் ஒன்றோடு மட்டும். அதைத் தனி விலானில் (ஒரே வலைக்குள் பிரித்து வைக்கும் தனிப் பகுதி) போட்டு, அந்த ஒரு சர்வரின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவை வாயிலுக்கு, மட்டும் வழி விட்டு மற்றதெல்லாம் மறுத்திருந்தால், டபிள்யூபிஏ மாற்றம் எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் ஸ்காட்டின் கையில் துணிகளின் விலைப்பட்டியல்தான் கிடைத்திருக்கும். கார்டு இயந்திரங்கள் வேறு விலானில், வைஃபையிலிருந்து எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபை இணையத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அமைத்த பிறகு சோதிப்பதும் கடினம் இல்லை. கையடக்கக் கருவிகளின் வலையில் ஒரு மடிக்கணினியை இணைத்து, பில் போடும் கணினியின் முகவரிக்கும் அக்சஸ் பாயிண்டின் நிர்வாகப் பக்கத்துக்கும் போக முயல வேண்டும். பதில் வந்தால் தடுக்கும் விதி சரியாக அமையவில்லை என்று பொருள்.

மிஞ்சுவது பழைய கருவிகளின் சிக்கல். புதிய குறியாக்கம் தெரியாத ஒரு ஸ்கேனருக்காகக் கடை முழுவதையும் பழைய முறைக்கு இறக்குவது இன்றும் நடக்கிறது. டிஜேஎக்ஸ் கடைகளில் பெரும்பாலானவை மாற்றங்கள் செய்யாமல் டபிள்யூபிஏவை ஏற்காது என்பதும் அந்த நவம்பர் மின்னஞ்சல் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படிப்பட்ட கருவியைக் கேபிளில் இணைக்க முடிந்தால் இணைக்கலாம். முடியாவிட்டால் அதற்கென ஒரு தனி எஸ்எஸ்ஐடி, தனி விலான், அகற்றுவதற்கு ஒரு தேதி. கார்டு நிறுவனங்களே அந்தத் தேதியைக் குறிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டன: புதிதாக டபிள்யூஇபி வைப்பதை 2009 மார்ச் 31க்குப் பிறகும், ஏற்கெனவே இருந்ததை 2010 ஜூன் 30க்குப் பிறகும் பிசிஐ தரம் தடை செய்தது.